கல்லூரி அசைன்மென்ட் எழுதுவது எப்படி? பாடத்துக்குப் பாடம் மாறும் எழுத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

வரலாற்றுக் கட்டுரையில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய மாணவி, அதே வாரத்தில் எழுதிய இயற்பியல் செய்முறை அறிக்கையில் பாதிகூடத் தேறாமல் போவது எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிற கதை. மொழி போதவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். தாள் திருத்துகிறவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். இயற்பியலில் கேட்ட இடத்தில் அவர் வரலாற்று முறையில் பதில் சொல்லியிருக்கிறார். எண்ணும் பிழை எல்லையும் நிற்க வேண்டிய இடத்தில் அழகான பத்தி நிற்கிறது.

ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி எழுத்து வழக்கம் இருப்பது பேராசிரியர்களின் பிடிவாதத்தால் வந்ததல்ல. எதைச் சான்றாக ஏற்பது, எந்தப் புள்ளியில் ஒரு வாதம் முடிந்ததாகக் கொள்வது என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன. அதைத் தெரிந்துகொண்டால், வடிவம், நடை, மேற்கோள் முறை ஆகியவை பெரும்பாலும் தாமாகவே இடத்தில் வந்து உட்காரும். கீழே உள்ள படிகள் எல்லாப் பாடங்களுக்கும் பொது. ஆறாவது படியில் மட்டும் பாதைகள் பிரிகின்றன. நேரம் குறைவாக இருப்பவர்கள் முதல் படியையும் ஆறாவது படியில் தங்கள் பாடத்தையும் படித்தால்கூடப் போதும்.

படி 1: கேள்வியைப் பேனாவும் கையுமாகப் படியுங்கள்

கேள்வித்தாளில் மூன்று இடங்களில் கோடு போடுங்கள். முதலில் வினைச்சொல்: விவரி, விளக்கு, ஒப்பிடு, பகுப்பாய்வு செய், மதிப்பிடு, வாதிடு. இரண்டாவது பொருள். மூன்றாவது எல்லை, அதாவது எந்தக் காலம், எந்த இடம், எத்தனை நூல்கள், எத்தனை சொற்கள்.

அதிக மதிப்பெண் கரைவது வினைச்சொல்லில்தான். ‘மதிப்பிடுக’ என்று கேட்ட இடத்தில் விவரித்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். 1956-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் கற்றல் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்று ஆறு அடுக்குகளாகப் பிரித்தார்கள். 2001-இல் வந்த திருத்தத்தில் ‘உருவாக்கல்’ உச்சிக்குப் போனது. கேள்வி எழுதும் ஆசிரியர்கள் பலர் இந்த அடுக்கை மனதில் வைத்தே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விவரிப்பது கீழ் அடுக்கு, மதிப்பிடுவது மேல் அடுக்கு. கீழ் அடுக்கு வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் மேல் அடுக்குக்கு உரிய மதிப்பெண் கிடைக்காது.

மதிப்பெண் பகிர்வு கொடுத்திருந்தால் அதைத் திட்டமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பகுப்பாய்வுக்கு நாற்பது மதிப்பெண்ணும் பின்னணிக்குப் பத்து மதிப்பெண்ணும் என்றிருக்கும்போது, 2,000 சொல் கட்டுரையில் 900 சொற்களைப் பின்னணிக்குச் செலவழிப்பது கண்ணைத் திறந்துகொண்டே குழியில் விழுவது.

சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆனால் “சார், இதை எப்படி எழுதுவது?” என்று கேட்காதீர்கள்; அதற்கு அவரால் பயனுள்ள பதில் தர முடியாது. “இரண்டு கோட்பாடுகளையும் ஒப்பிட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, ஒப்பிட்டால் போதுமா?” என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்.

படி 2: இந்தப் பாடத்தில் எது சான்று?

எழுதத் தொடங்கும் முன் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இலக்கியத்தில் சான்று என்பது பனுவலின் வரிகள். வரலாற்றில் அந்தக் காலத்திலேயே எழுந்த ஆவணம். ஆய்வகத்தில் அளவீடும் அதன் பிழை எல்லையும். கணிதத்தில் முன்பே நிறுவப்பட்ட தேற்றங்களும் வரையறைகளும் மட்டும்; ஆயிரம் எடுத்துக்காட்டுகளைச் சரிபார்த்தாலும் அது நிறுவல் ஆகாது. சட்டத்தில் சட்டப்பிரிவும் முன்தீர்ப்பும். தத்துவத்தில் காரணங்களே சான்று. பெரியவர் ஒருவர் சொன்னார் என்பது அங்கே செல்லாது. சமூகவியலிலும் உளவியலிலும் திரட்டிய தரவு, அதைத் திரட்டிய முறை, முன்னோர் ஆய்வுகள் மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும்.

இது புரியாமல்தான் இலக்கியக் கட்டுரையில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், கணித விடையில் “இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது” என்று தாவுகிறார்கள், பொருளியலில் ஒரு செய்தித்தாள் தலையங்கத்தைத் தரவாகக் காட்டுகிறார்கள்.

உங்கள் துறையின் சான்று எதுவென்று உறுதியாகத் தெரியவில்லையா? அந்தத் துறையின் ஆய்விதழ் ஒன்றில் நான்கைந்து கட்டுரைகளை எடுங்கள். உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டாம். எந்த இடத்தில் அடிக்குறிப்பு விழுகிறது, எதை அட்டவணையில் போடுகிறார்கள், ‘நான்’ என்று எழுதுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். அரை மணி நேர வேலை. பல வழிகாட்டிப் புத்தகங்களைவிடப் பயன் தரும்.

படி 3: நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கடைசி நாள் மேற்கோள் சரிபார்ப்புக்கும் பதிவேற்றத்துக்கும். அதற்கு முந்தைய நாள் எதையும் தொடாத நாள். ஒரு இரவு தள்ளிப் படித்தால்தான் ஓட்டைகள் கண்ணில் படும். மீதியில் பாதியைப் படிப்புக்கும் பாதியை எழுத்துக்கும் ஒதுக்குங்கள். படிப்பே முக்கால்வாசி நாளைத் தின்றுவிடும் பழக்கம் நல்ல மாணவர்களிடமே அதிகம்.

படி 4: தேடுதல், படித்தல், குறிப்பெடுத்தல்

நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் தேடுபெட்டியை மூடிவிட்டு அந்தக் கட்டுரையையே பிடித்துக்கொண்டு இரண்டு திசைகளிலும் நடக்கலாம். பின்னால் உள்ள துணைநூற்பட்டியல் பழைய ஆய்வுகளுக்கு அழைத்துப் போகும். கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் புதிய ஆய்வுகளுக்கு அழைத்துப் போகும். பல கட்டுரைகள் ஒரே நூலைச் சுட்டுகின்றன என்றால், அந்த நூலைப் படிக்காமல் எழுதக் கூடாது.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. சுருக்கம், பிறகு முடிவுரை, பிறகு படங்களும் அட்டவணைகளும். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் முறையியல். பல கட்டுரைகள் மூன்றாவது கட்டத்திலேயே கழிந்துவிடும்.

ஒரு கட்டுரை அச்சில் வந்துவிட்டது என்பதற்காக இன்றும் செல்லுபடியாகும் என்று நம்பிவிடக் கூடாது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, 2010-இல் அந்த இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அதை இன்னும் நம்பகமான சான்றாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதழின் இணையப் பக்கத்தில் கட்டுரையைத் திறந்து பார்த்தால் திரும்பப் பெற்ற அறிவிப்பு மேலேயே இருக்கும். ஒரு நிமிடம் செலவழியுங்கள்.

குறிப்பெடுக்கும்போது ஒரு ஒழுங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். நூலின் சொற்களை அப்படியே எழுதினால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அந்த நொடியே போட வேண்டும். பிறகு போடலாம் என்று விட்ட வரி, இரண்டு வாரம் கழித்து உங்கள் சொந்த வாக்கியம் போலவே தெரியும். வேண்டுமென்றே திருடுகிறவர்களைவிட இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள்தான் பரிதாபத்துக்கு உரியவர்கள்.

படி 5: வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

“முதல் உலகப் போருக்குப் பல காரணங்கள் இருந்தன.” இந்த வாக்கியத்தோடு தொடங்கும் கட்டுரை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, எழுதுகிறவருக்கும் தெரியாது. மறுக்க ஆள் இல்லாத வாக்கியம் வாதம் ஆகாது.

இப்போது இதைப் பாருங்கள்: “1914 ஜூன் 28-இல் சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசரின் கொலை ஒரு நெருக்கடியை உண்டாக்கியது, அதை ஐரோப்பியப் போராக வளர்த்தது, ஜூலை 5-இல் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி கொடுத்த நிபந்தனையற்ற ஆதரவு.” இங்கே காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மறுப்பதற்கு இடமும் இருக்கிறது. ஒருவர் உடனே கேட்பார்: ஜூலை 30-இல் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதே, அதை என்ன செய்வது? அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் கட்டுரையின் நடுப்பகுதி. கொலை நடந்த நாளுக்கும் ஜூலை 28-இல் செர்பியாவின் மீது போர் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் இடையே சரியாக ஒரு மாதம் இருக்கிறது. கொலையே போரை உண்டாக்கியது என்று எழுதுகிறவர்களால் அந்த ஒரு மாதத்தை விளக்க முடியாது.

உங்கள் வாக்கியத்தை நண்பரிடம் காட்டி, “இல்லை என்று யாராவது சொல்வார்களா?” என்று கேளுங்கள். சொல்வார்கள் என்றால் தொடங்கலாம். ஆய்வக அறிக்கைக்கு வாதம் எதற்கு என்று தோன்றலாம். அங்கே அதன் பெயர் கருதுகோள். அளந்த பிறகு அதற்கு என்ன ஆனது என்பதே அறிக்கை.

படி 6: பாடத்துக்குப் பாடம் வரைவு

இலக்கியம். கதைச்சுருக்கம் எழுதுவதே முதல் எதிரி. ஆசிரியர் அந்தக் கதையைப் படித்தவர். அவருக்கு மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை எடுத்துக்கொள்வோம், செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பற்றிச் சொல்லும் அந்த ஐந்தடிப் பாடல். “தலைவனும் தலைவியும் முன்பின் அறியாதவர்கள், ஆனால் அவர்கள் நெஞ்சம் கலந்துவிட்டது” என்பது பொழிப்புரை. அதற்கு மதிப்பெண் இல்லை. பாடலின் முதல் மூன்று அடிகளும் கேள்விகள்: தாய்மார் எப்படி உறவு, தந்தையர் எப்படி உறவு, நாம் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம். கேள்வியின் வட்டம் குடும்பத்திலிருந்து இருவராகச் சுருங்குகிறது. மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வரவே இல்லை. பதில் வர வேண்டிய இடத்தில் மழைநீர் வருகிறது. ‘காரணம் காட்ட முடியாத உறவைக் காரணம் கேட்டுக் கேட்டே பாடல் நிலைநிறுத்துகிறது’ என்று இங்கிருந்து ஒரு வாதத்தைத் தொடங்கலாம். ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் அதில் நீங்கள் கண்டதைக் குறைந்தது இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். மேற்கோளைத் தொங்கவிட்டு அடுத்த பத்திக்கு ஓடக் கூடாது.

வரலாறு. முதன்மைச் சான்றையும் இரண்டாம் நிலைச் சான்றையும் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 1914 ஜூலையில் அனுப்பிய தந்தி ஒன்று. அதே அமைச்சர் போர் முடிந்த பிறகு எழுதிய நினைவுக்குறிப்பு வேறொன்று. இரண்டும் அவர் கையெழுத்துதான் என்றாலும், பின்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு எழுதப்பட்டிருக்கலாம். யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று ஒவ்வொரு ஆவணத்தையும் விசாரியுங்கள். ஆண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவது வரலாற்றுக் கட்டுரை அல்ல. ஒன்று நடந்து அடுத்தது ஏன் நடந்தது என்ற கேள்வி பத்திக்குப் பத்தி இருக்க வேண்டும்.

ஆய்வக அறிக்கை. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு கட்ட அமைப்பை அறிவியல் துறைகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. முடிவுகள் பகுதியில் அளந்ததை மட்டும் சொல்லுங்கள். அதன் பொருள் விவாதத்துக்கு உரியது. இந்த இரண்டையும் கலப்பதுதான் அடிக்கடி காணப்படும் கோளாறு. முறையை இறந்த காலத்தில் எழுதுங்கள், செய்முறைக் கையேட்டின் கட்டளைகளைப் படியெடுக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் செய்தது கையேட்டிலிருந்து மாறியிருந்தால் அந்த மாற்றம் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காண்கிறீர்கள். நூலின் நீளம் 1.00 மீட்டர். 20 அலைவுகளுக்கு 40.3 விநாடி, அதாவது ஓர் அலைவுக்கு 2.015 விநாடி. கால்குலேட்டரில் போட்டால் 9.7232 என்று வருகிறது. பலர் அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கைக்கு 0.2 விநாடி முன்பின் ஆகலாம், 40.3-இல் அது அரை சதவீதம். சூத்திரத்தில் காலம் வர்க்கமாக வருவதால் விடையில் ஒரு சதவீதப் பிழை. ஆக, எழுத வேண்டிய விடை 9.7 ± 0.1 மீட்டர்/விநாடி². அதற்குப் பின்னால் உள்ள தசம இலக்கங்கள் அளந்தவை அல்ல, கால்குலேட்டரின் பெருந்தன்மை.

அடுத்தது விவாதம். “மனிதப் பிழையால் விடை சற்று மாறியது” என்று எழுதினால் எதையும் எழுதாததற்குச் சமம். எந்தப் பிழை, எந்தத் திசையில், எவ்வளவு? மீண்டும் மீண்டும் அளந்தும் விடை 9.8-க்குக் கீழேயே நிற்கிறது என்றால் அது தற்செயல் பிழையாக இருக்க வாய்ப்பில்லை. நீளத்தைக் குண்டின் நடுப்பகுதிவரை அளக்க வேண்டும். மேற்புறம்வரை மட்டும் அளந்திருந்தால், 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டில் 1 சென்டிமீட்டர் விடுபட்டிருக்கும். 1.01 மீட்டர் என்று திருத்திப் போட்டால் 9.82 வருகிறது. இப்படி எண்ணோடு சொன்ன ஒரு பிழை, பட்டியலிட்ட பத்துப் பிழைகளுக்கு மேல்.

கணிதம். நிறுவல் என்பது வாக்கியங்களால் ஆனது. குறியீடுகளை மட்டும் அடுக்கினால் படிக்கிறவர் இடைவெளிகளைத் தாமே நிரப்ப வேண்டியிருக்கும். பயன்படுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் அறிமுகம் செய்யுங்கள். இரண்டு ஒற்றை எண்களின் கூட்டல் இரட்டை எண் என்று நிறுவச் சொன்னால், இரண்டு எண்களையும் 2க + 1 என்றே எடுத்துக்கொண்டு 4க + 2 இரட்டை எண் என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிறுவியது ஓர் ஒற்றை எண்ணை அதனுடனேயே கூட்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும். 3-ஐயும் 7-ஐயும் பற்றி அது வாய் திறக்கவில்லை. “க, ச இரண்டும் முழு எண்கள், எண்கள் 2க + 1, 2ச + 1, கூட்டல் 2(க + ச + 1), க + ச + 1 முழு எண் என்பதால் இது இரட்டை எண்” என்றால் முடிந்தது.

பொருளியலும் சமூக அறிவியலும். பொருளியலில் எடுகோள்களை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘விலை ஏறியதால் தேவை குறைந்தது’ என்று எழுதினால் பேராசிரியரின் சிவப்பு மை உடனே விழும். விலை மாறினால் தேவைக் கோட்டின் மீதே நகர்கிறோம், குறைவது தேவைப்படும் அளவு. வருமானமோ விருப்பமோ மாறினால்தான் கோடே இடம்பெயரும்.

சமூகவியல், உளவியல் போன்ற துறைகளில் அடிக்கடி வருவது முன்னோர் ஆய்வுகளின் மதிப்பாய்வு. பத்திக்கு ஓர் ஆய்வாளர் என்று வரிசையாக எழுதுவது மதிப்பாய்வு ஆகாது, விரித்து எழுதிய நூற்பட்டியல். ஆய்வுகளைக் கருத்துப்படி குழுக்களாகப் பிரியுங்கள்: யார் எதில் உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், முரண்பாட்டுக்குக் காரணம் முறையா, மாதிரியா, காலமா. ஒரே பத்தியில் மூன்று நான்கு ஆய்வுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் சரியான வழியில் இருக்கிறீர்கள். இரண்டு காரணிகள் சேர்ந்து ஏறின என்பதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம். சிக்கல், விதி, பொருத்துதல், முடிவு என்ற நான்கு கட்டங்கள். முதல் இரண்டையும் எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பது மூன்றாவதில். 1932-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை வைத்துப் பார்க்கலாம். தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்தது என்பது புகார். வாங்கியவர் தோழி என்பது முக்கியம், ஏனென்றால் குடித்தவருக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. புட்டி ஒளிபுகாத கண்ணாடியால் ஆனது என்பதும் முக்கியம். குடிப்பதற்கு முன் உள்ளே இருப்பதைச் சோதிக்க வழியில்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நுகர்வோரிடம் உற்பத்தியாளருக்குக் கவனக் கடமை உண்டு என்ற முடிவு இந்த இரண்டு விவரங்களின் மேல் நிற்கிறது. அவர் அதை ஐஸ்கிரீமோடு சேர்த்துக் குடித்தார் என்பது கதைக்குச் சுவை; வாதத்துக்கு வேண்டாம். எந்த விவரம் முடிவை மாற்றும், எது மாற்றாது என்று பிரித்துக் காட்டுவதுதான் பொருத்துதல்.

தத்துவம். எதிர்த்தரப்பு வாதத்தை அதன் ஆதரவாளரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதிவிட்டுப் பிறகு தாக்குங்கள். எளிதில் விழும் பொம்மையை நிறுத்தி அடித்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். இங்கே ‘நான் வாதிடுகிறேன்’ என்று எழுதுவதில் தவறில்லை.

மேலாண்மை, கணினி, செவிலியம், கல்வியியல். மேலாண்மை அறிக்கையில் பரிந்துரை முதல் பக்கத்திலேயே வர வேண்டும். நிர்வாகச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதி முன்னால் வையுங்கள். கணினித் திட்ட அறிக்கையில் நிரல்வரிகளைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டாம்; ஏன் இந்த வடிவமைப்பு, எதைக் கைவிட்டீர்கள், எந்தச் சோதனையில் தோற்றது, வேறொருவர் இதை மறுபடி இயக்க என்ன தேவை என்பவற்றை எழுதுங்கள். செவிலியத்திலும் ஆசிரியப் பயிற்சியிலும் கேட்கப்படும் அனுபவக் குறிப்புகளுக்கு கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த சுழற்சி வசதியானது: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, அடுத்த முறைக்கான திட்டம். முதல் இரண்டிலேயே சொற்களைத் தீர்த்துவிடாதீர்கள்.

படி 7: மேற்கோள், சொந்த நடை, செயற்கை நுண்ணறிவு

மேற்கோள் பாணிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று தெரிந்தால் போதும். உளவியலும் கல்வியியலும் பெரும்பாலும் ஏபிஏ முறையைக் கேட்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அந்த முறை 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. 2019-இல் ஏழாம் பதிப்பு வந்தது. அங்கே ஆசிரியர் பெயரோடு ஆண்டு நிற்கும், ஏனென்றால் ஆய்வு எவ்வளவு புதியது என்பது அத்துறைக்கு முக்கியம். இலக்கியத்தில் வழங்கும், அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த எம்எல்ஏ முறையில் ஆண்டுக்குப் பதில் பக்க எண் நிற்கும். அங்கே வாசகர் அந்த வரியைத் தேடிப் போவார். வரலாற்று ஆசிரியர்கள் சிகாகோ முறையின் அடிக்குறிப்புகளை விரும்புவார்கள். மருத்துவத்தின் வான்கூவர் முறையும் பொறியியலின் ஐஇஇஇ முறையும் எண்களோடு நின்றுவிடும்.

ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானாக உருவாக்கித் தரும். ஆனாலும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். பெயரின் முன்னெழுத்தையும் குடும்பப் பெயரையும் அது இடம் மாற்றிப் போடுவது உண்டு.

பிறர் கருத்தைச் சொந்த நடையில் சொல்வது பலருக்குப் பிடிபடுவதில்லை. நூல் ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “மரநிழல் குறைந்த பகுதிகளில் கோடை வெப்பம் கூடுதலாக இருப்பது முதியோரின் உடல்நலத்தைக் கடுமையாகப் பாதிக்கிறது.” இதை “மர நிழல் குறைவான இடங்களில் கோடைச் சூடு அதிகமாக இருப்பது வயதானவர்களின் ஆரோக்கியத்தை வெகுவாகப் பாதிக்கிறது” என்று மாற்றினால், மேற்கோள் காட்டினாலும் அது திருட்டு நடைதான், எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. நூலை மூடிவிட்டு, உங்கள் வாதத்துக்கு இதில் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்: “வெப்ப அலையில் முதியோருக்கு வரும் ஆபத்தை வானிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, தெருவில் மரம் இருக்கிறதா என்பதும் தீர்மானிக்கிறது.” இதற்கும் மேற்கோள் கட்டாயம் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை உங்கள் பாடத்தின் விதியே இறுதி. அனுமதி இருந்தால் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவை தரும் நூற்பட்டியலை மட்டும் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். 2023-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தீர்ப்புகளின் பெயர்கள் உண்மையானவை போலவே இருந்தன. ஒரு கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க அதன் டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்ணைத் தேடுங்கள். அது 10 என்ற எண்ணில் தொடங்கும், தேடினால் அந்தக் கட்டுரைக்கே கொண்டுபோய்விட வேண்டும்.

படி 8: திருத்தம்

எழுத்துப் பிழையிலிருந்து தொடங்காதீர்கள். எப்படியும் நீக்கப் போகும் பத்தியில் சந்திப் பிழை பார்ப்பது வீண். முதலில் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள். எழுத முடியாத பத்தியில் இரண்டு கருத்துகள் முட்டிக்கொண்டிருக்கும், அல்லது கருத்தே இருக்காது. பிறகு அந்த ஓரக் குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். வாதம் அதில் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும்.

அடுத்த சுற்றில் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். “பண்டைக் காலம் தொட்டே மனிதன்” என்று தொடங்கும் முன்னுரை இருந்தால் இரக்கமில்லாமல் நீக்குங்கள். இரண்டாவது பத்திதான் பெரும்பாலும் உண்மையான தொடக்கமாக இருக்கும். எண்கள், பெயர்கள், ஆண்டுகள், பக்க எண்கள் இவற்றைக் கடைசிச் சுற்றில் மூல நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் காட்டும் சதவீதத்தைக் கண்டு பதற வேண்டாம். முறையாக மேற்கோள் குறிக்குள் போட்ட வரிகளும் நூற்பட்டியலும்கூட அதில் கணக்காகலாம். எந்த வரிகள் நிறம் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். மேற்கோள் குறி இல்லாத வரி அங்கே இருந்தால்தான் கவலை.

படி 9: ஒப்படைப்பும் அதன் பிறகும்

கோப்புப் பெயர், கோப்பு வகை, எழுத்துரு அளவு, சொல் எண்ணிக்கையில் நூற்பட்டியல் சேருமா சேராதா: இவற்றை ஒரு முறை சரிபாருங்கள். பதிவேற்றிய கோப்பை உடனே திறந்து பாருங்கள். பழைய வரைவு போயிருக்கலாம், படங்கள் உடைந்திருக்கலாம். ஒப்புகை மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

தாள் திரும்பி வரும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஆசிரியர் எழுதிய குறிப்புகளைப் பாடவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். ‘சான்று போதவில்லை’ என்று மூன்று பாடங்களில் எழுதியிருந்தால், ஒவ்வொன்றிலும் எந்தச் சான்றைக் கேட்கிறார்கள் என்று அந்தந்த ஆசிரியரிடமே போய்க் கேளுங்கள். மூன்று பதில்களும் ஒன்றாக இருக்காது. அடுத்த அசைன்மென்டின் கேள்வித்தாள் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.